கணக்குக் கேட்கும் உரிமை யாரிடம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு கடிதங்கள் ஒரே விடயத்தைச் சுற்றியே வந்திருந்தன: யார் ஆள்வது, எப்படி ஆள்வது. நான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேச செயலகங்களில் 35 ஆண்டுகள் வேலை செய்தவள். எழுதுவினைஞராகத் தொடங்கி நிருவாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். அரசறிவியலில் பட்டம் பெற்றவள் அல்ல. மக்கள் படிவத்தோடு வந்து நிற்கும் மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்து கண்டதையும், பிறகு தேடி வாசித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: முடியாட்சி, குழுவாட்சி, மக்களாட்சி, ஒற்றையாட்சி, சமஷ்டி என்று வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்கிறேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றன. இவற்றை விளங்கிக்கொள்ள வழி உண்டா?
— உயர்தர மாணவி, செட்டிபாளையம்

பதில்: உண்டு மகள். நான் விளங்கிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் நவகிரிக் குளத்தின் கீழ் ஒரு கண்டத்துக்கு, அதாவது ஒரு வயல் தொகுதிக்கு, தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாக இருந்தார். சட்டத்தில் அந்தப் பதவிக்கு அவ்வப்போது வேறு பெயர்கள் வந்தன; எங்கள் ஊர் வாயில் அவர் வட்டவிதானைதான். எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்துப் பதினொரு வயது. சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு அவருடைய இடாப்புக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். உதவி அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பகுதியினர் எழுந்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் சத்தம் தொடங்கும். எந்தக் கண்டத்துக்குத் தண்ணீர், எந்தக் கண்டத்தை இந்தப் போகம் விடுவது, துருசு (குளத்து மதகு) திறப்பது எந்தத் திகதியில், எத்தனை மாத நெல்லை விதைப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் வட்டையை (வயல்வெளியை) விட்டு வெளியேற்றுவது என்று எல்லாமே அங்கேதான் முடிவாகும். இழுபறிப்பட்டால் கையை உயர்த்தச் சொல்லி எண்ணுவார்கள்.

ஒரு வருடம் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டார்கள். அப்படியிருந்தும் ஓர் இரவில் ஒரு போடியாரின் (பெரிய நிலக்காரரின்) பூமிக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சப்பட்டிருந்தது. அடுத்த கூட்டத்தில், கதவோரம் நின்ற ஒரு முல்லைக்காரர், "அந்தத் தண்ணீருக்கு யார் கணக்குச் சொல்வது?" என்று கேட்டுவிட்டார். மண்டபத்தில் பேச்சு நின்றது. முல்லைக்காரர் என்பவர் கூலி நெல்லுக்குப் போடியாரின் வயலைப் பார்த்துக்கொள்பவர். சொந்தப் பூமி இல்லை. ஆகவே கூட்டத்தில் அவருக்கு வாக்கும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் அவரை வாயை மூடச் சொன்னார். என் தகப்பனார் எழுந்து, "அவர் கேட்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதினார்கள். போடியார் பதில் சொல்லவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த சிறுபோகத்தில் யாரும் இரவில் வாய்க்கால் வெட்டவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். நான் சுமந்து போன இடாப்பில் எங்கள் மூன்று ஏக்கரும் என் தாயாரின் பெயரில் இருந்தது. அது அவருடைய சீதனப் பூமி. கையை உயர்த்தியது தகப்பனார். தாயார் வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்.

மகள், உங்கள் பாடத்தின் பாதி அந்த ஒரு மண்டபத்துக்குள் இருந்தது. தலைமை ஒருவருக்கு, பூமி உள்ள சிலருக்கு மட்டும் வாக்கு, உழைப்பு பலருக்கு, பெயரளவில் உரிமையுள்ள பெண்ணுக்கு அடுப்படி. அரிஸ்டாட்டில் ஆட்சிகளை வகைப்படுத்தியபோது, ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா என்பதோடு நிற்கவில்லை. யாருடைய நன்மைக்காக ஆள்கிறார்கள் என்றும் கேட்டார். அந்த முல்லைக்காரரிடம் நான் கற்ற கேள்வியை இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆள்பவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்? எந்த நாட்டின் அரசியல் யாப்பை எடுத்தாலும் இந்தக் கேள்வியோடு உள்ளே போங்கள். வரைவிலக்கணம் தானாக நினைவில் நிற்கும்.

ஒற்றையாட்சியையும் சமஷ்டியையும் துருசின் சாவியாக நினைத்துப் பாருங்கள். ஒற்றையாட்சியில் எல்லாத் துருசுகளின் சாவியும் தலைநகரத்துக்குச் சொந்தம். அது விரும்பினால் சில சாவிகளைக் கீழே தரலாம். வேண்டாமென்றால் சட்டம் போட்டுத் திரும்ப வாங்கலாம். சமஷ்டியில் எந்தச் சாவி யாருக்கு என்று யாப்பிலேயே எழுதியிருக்கும். மத்தி தன் விருப்பத்துக்கு மாநிலத்தின் சாவியைப் பறிக்க முடியாது. தகராறு வந்தால் நீதிமன்றம் யாப்பைப் பார்த்துத் தீர்க்கும்.

கேள்வி: ஆறு வருடங்கள் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே தேர்தலும் இல்லை, கட்சியும் இல்லை. வீதி, வைத்தியசாலை, மின்சாரம் எல்லாம் குறைவில்லாமல் இருக்கின்றன. நாங்கள் 1931 முதல் வாக்களித்து என்ன கண்டோம்?
— ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியில் இருக்கும் வலி எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பத்திரங்களை உறுதிப்படுத்திக் கொடுத்தே என் விரல்கள் தேய்ந்தன.

கட்டாரில் வீதி நன்றாக இருப்பது உண்மை. அதற்குக் காரணம் மன்னராட்சி என்பதைவிட, மிகக் குறைந்த குடிமக்களுக்கு மிக அதிகமான எரிவாயு இருப்பதுதான். எரிவாயு இல்லாத மன்னராட்சிகளையும் உலகம் நிறையக் கண்டிருக்கிறது. அந்தச் செல்வத்தால் ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையில் ஒரு வகை உறவு உண்டாகிறது: அரசு குடிமக்களிடம் வரி கேட்பதில்லை, குடிமக்கள் அரசிடம் கணக்குக் கேட்பதில்லை. 2021 இல் அங்கே ஆலோசனைச் சபையின் 45 இடங்களில் 30 இடங்களுக்கு முதல்முறையாகத் தேர்தல் நடந்தது. 2024 இல் மக்கள் தீர்ப்பு நடத்தி அந்தத் தேர்தலையும் நீக்கிவிட்டார்கள். இனி 45 பேரும் நியமனம்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டாரில் உங்கள் கடவுச்சீட்டு யாரிடம் இருந்தது? 2018 வரை அங்கிருந்த பெரும்பாலான வெளிநாட்டுத் தொழிலாளர்கள், வேலை கொடுத்தவர் அனுமதி தராமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்களுக்கு அந்த விலங்கு 2020 இல்தான் கழன்றது. நான் கடமையில் இருந்தபோது ஒரு தாய் வருவார். மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள், பதினான்கு மாதமாகச் சம்பளமும் இல்லை, திரும்பி வரவும் விடுகிறார்கள் இல்லை என்று அழுவார். இந்த நாட்டில் அந்தத் தாய்க்குக் கிராம உத்தியோகத்தர் இருந்தார், நான் இருந்தேன், திட்டுவதற்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். அங்கே இருந்த மகளுக்குக் கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கவில்லை. வீதியின் மினுக்கத்தை அளக்கும்போது இதையும் அளக்க வேண்டும்.

வாக்களித்து என்ன கண்டோம் என்று கேட்டீர்கள். டொனமூர் யாப்பு 1931 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும், எழுதப்படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வாக்குரிமை தந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. இரண்டுக்கும் இடையில் 14 ஆண்டுகள்தான். இது தற்செயல் அல்ல. ஏழையின் கையில் வாக்கு வந்த பிறகுதான் ஏழையின் பிள்ளை படிக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டசபை வரை போனது. அதே கல்வியில்தான் வட்டவிதானையின் மகளாகிய நான் கந்தோரில் கதிரை பெற்றேன்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். கையை எண்ணுவது மட்டும் நீதியாகிவிடாது. மேல்கண்டத்தார் நூறு பேரும் கீழ்கண்டத்தார் முப்பது பேரும் உள்ள கூட்டத்தில், கீழ்கண்டத்துக்குத் தண்ணீரே வேண்டாம் என்று கையை உயர்த்தித் தீர்மானிக்கலாம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியதும் வாக்கெடுப்பில்தான். 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானதும் வாக்கெடுப்பில்தான். சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு ஒரு வேலியாக இருந்தது. அந்த வேலியால் இவற்றைத் தடுக்க முடியவில்லை. 1972 இல் வேலியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே எண்ணிக்கை தொட முடியாத சில உரிமைகளை எழுதிவைப்பதும், அவற்றைக் காக்கத் துணிந்த நீதிமன்றம் இருப்பதும் தேர்தலுக்குக் குறையாத தேவைகள்.

கேள்வி: எங்கள் ஆட்களுக்குச் சுதந்திரம் கூடிவிட்டது. சிங்கப்பூரைப் போல ஒரு கண்டிப்பான தலைவரிடம் பத்து வருடம் நாட்டைக் கொடுத்தால் எல்லாம் சரியாகாதா?
— ஓய்வு பெற்ற வியாபாரி, கல்முனை

பதில்: ஐயா, கொடுத்துப் பார்த்துவிட்டோம். 1978 யாப்பு நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதி என்ற ஒரே கதிரையில் வைத்தது. நான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது? 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு ஒன்றை நடத்தி, 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலத்தையே நீட்டினார்கள். அடுத்த பொதுத்தேர்தலை இந்த நாடு 1989 இல்தான் கண்டது. அந்த இடைவெளிக்குள் 1983 வந்தது, போர் மூண்டது. அந்த ஆண்டுகளில் எங்கள் இரு மாவட்டங்களும் பட்டதை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

எனக்கு மிக அண்மையான சாட்சி 2021. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நாடு ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். இயற்கைப் பசளைக்கு நான் எதிரியல்ல. தாயார் காலத்தில் எருவும் குழையும்தான் போட்டோம். ஆனால் அந்த முடிவு எந்த வட்டைக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது? எந்தக் கமநல சேவை நிலையத்தில் கேட்டார்கள்? மேலே ஒருவர் நினைத்தார், கீழே எல்லா வயலும் அனுபவித்தது. தாயாரிடமிருந்து எனக்கு வந்த அந்த மூன்று ஏக்கரில் வழமையாக ஏக்கருக்கு 30 மூடை வரும். அந்தப் பெரும்போகத்தில் 11 மூடை. கதிர் மஞ்சளாகுமுன் இலை மஞ்சளாகி நின்றதை வரம்பில் நின்று பார்த்து அழுதேன். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் விதைத்தாகிவிட்டது, உரம் போட வேண்டிய காலம் கடந்துகொண்டிருந்தது.

69 இலட்சம் வாக்குகளோடு 2019 இல் வந்தவர் இருந்த அதே கதிரை, 2022 ஜூலையில் வெறுமையானது. ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்தால், அவர் பிழைவிடும்போது "நில்லுங்கள்" என்று சொல்ல அருகில் யாரும் இருப்பதில்லை. கண்டிப்பைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிக்கதை ஐயா. ஒரே கட்சி 1959 முதல் ஆள்வதும், எதிர்ப்போருக்கு நெருக்கடி இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கிறது. ஊழலை விசாரிக்கும் பணியகம் 1952 முதல் இயங்குகிறது. அமைச்சர்களையும் கூண்டில் ஏற்றியிருக்கிறது. தமிழ் உட்பட நான்கு மொழிகள் அரசகரும மொழிகள். கண்டிப்பை மட்டும் இறக்குமதி செய்ய விரும்புவோர் இவற்றை ஏன் கப்பலில் ஏற்றுவதில்லை?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் இருக்கும் என் மகன், அங்கே ஜனாதிபதி யாரென்று பலருக்குத் தெரியாது என்கிறான். உண்மையா?
— ஒரு தாய், குருக்கள்மடம்

பதில்: உண்மையாக இருக்கலாம் அம்மா, தெரிய வேண்டிய தேவை அங்கே குறைவு. ஏழு பேர் கொண்ட சபை ஆள்கிறது. தலைமை வருடத்துக்கு வருடம் அந்த ஏழு பேருக்குள் சுற்றி வரும். வரி, பாடசாலை, பொலிஸ் போன்ற பெரும்பகுதி 26 மாநிலங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டுப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் வாக்குரிமை 1971 இல்தான் கிடைத்தது என்று மகனிடம் சொல்லுங்கள். குருக்கள்மடத்தில் உங்கள் அம்மம்மாவுக்கு அது 40 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

கேள்வி: மக்களாட்சி வெள்ளைக்காரன் தந்தது என்று எழுதுகிறார்கள். சோழர் காலத்திலேயே குடவோலைத் தேர்தல் நடத்தியவர்கள் தமிழர்கள். இதை ஏன் நாம் உரத்துச் சொல்வதில்லை?
— தமிழாசிரியர், அக்கரைப்பற்று

பதில்: சொல்வோம், முழுதாகவே சொல்வோம். முதலாம் பராந்தகனின் காலத்தில், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் இருந்தன. குளத்துக்குத் தனியாக ஒரு வாரியம் வைத்தவர்களை நினைத்தால், வட்டவிதானையின் மகளுக்கு மனம் நிறைகிறது.

எனக்கு மிகப் பிடித்த விதி இது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவாக முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்திய கல் இது. அந்த ஒரு வரியை இன்று எங்கள் சங்கங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் சட்டமாக்கினால் எத்தனை கதிரைகள் காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய ஓலை விழுந்தது? குறிப்பிட்ட அளவு நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமண ஊரின் சபை. அந்த நிலத்தை உழுதவரின் பெயரும், அந்த மனையைக் கூட்டியவளின் பெயரும் எந்த ஓலையிலும் இல்லை. இந்த இரண்டையும் மாணவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா, பெருமை குறையாது.

இதே கேள்வி எங்கள் மண்ணுக்கும் உண்டு. பல ஊர்களுக்குப் பொதுவான தேசத்துக் கோயில்களில் குடிகள் எனப்படும் குலங்களுக்குத் திருவிழா பிரித்து, கோயிலை நிருவகிக்க வண்ணக்கர் வைத்து, எந்தக் குடியும் முழுக்கோயிலையும் விழுங்காமல் பார்த்துக்கொண்ட முறை மிக நுட்பமானது. குடி தாய்வழியில் வரும். பதவியும் தாய்வழியில் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். வழி பெண்ணுடையது; கதிரை ஆணுடையது.

கேள்வி: மாகாண சபை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? காரியம் நடக்கத்தானே செய்கிறது?
— கடற்றொழிலாளி, திருக்கோவில்

பதில்: நடக்கிறது தம்பி. யாரிடம் கேட்டு நடக்கிறது என்பதுதான் என் கவலை. 1987 இல் மாகாண சபைகளை உண்டாக்கிய 13 ஆவது யாப்புத் திருத்தம் வந்தது. 1988 இல் வடக்கும் கிழக்கும் இணைந்த சபை தெரிவானது. இரண்டு வருடங்கள்கூட ஒழுங்காக ஓடவில்லை. இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்த பிறகு, 2008 இல் கிழக்குக்கெனத் தனிச்சபை வந்தது. 37 உறுப்பினர்கள். 2012 இல் இன்னொரு தேர்தல். 2017 செப்டெம்பரில் காலம் முடிந்தது. அதன் பிறகு திருகோணமலையில் இருந்து நிருவாகம் ஆளுநரின் கீழ் போகிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.

உங்கள் ஊரின் பெரும்பாலான பாடசாலைகள், கிராமிய வைத்தியசாலை, உள்வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. கணித ஆசிரியர் இடமாறிப் போய் வகுப்பு வெறுமையாக இருந்தால், சபை இருந்த காலத்தில் உறுப்பினரைக் கோயில் வீதியில் மறித்துக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் அவருக்கு உங்கள் முகம் தேவை. ஆளுநருக்கு உங்கள் முகம் தேவையில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், திறமையானவராகவும் இருக்கலாம். அது அதிர்ஷ்டம், உரிமை அல்ல.

காணி, பொலிஸ் அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் கைக்கு வரவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி, இருக்கும் அரைப்பிடி சோற்றையும் வேண்டாம் என்பது சரியல்ல. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மேசையில் வரவு செலவுக்காகச் சண்டை பிடித்த இடம் அந்தச் சபை. மேசையில் நடக்கும் சண்டைக்கு நான் பயப்படுவதில்லை. மேசை இல்லாத காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கேள்வி: ஆட்சிமுறைகளைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். அதில் எங்களைப் போன்ற பெண்களுக்கு என்ன இருக்கிறது? என் 81 வயதுத் தகப்பனாருக்கு அரசாங்கம் தந்த இரண்டு ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி உண்டு. தாயார் இறந்துவிட்டார். தகப்பனாரைப் பார்ப்பதும் காணியைச் செய்விப்பதும் மூத்த மகளாகிய நான். என் பெயருக்குப் போட அவருக்கு விருப்பம். ஆனால் காணி ஆண்பிள்ளைக்குத்தான் போகும் என்று கந்தோரில் யாரோ சொன்னார்களாம்.
— வெல்லாவெளியிலிருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, ஆட்சிமுறை ஒரு சமூகத்தை எப்படி வளைக்கிறது என்பதற்கு உங்கள் இரண்டு ஏக்கரைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

எங்கள் மட்டக்களப்புத் தேசத்தில் வீடு வளவு பெண்ணுக்கு. கலியாணம் செய்தவன் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வயலும் பெரும்பாலும் மகள்மாருக்கே எழுதப்படும். தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம்தான். முக்குவர் சட்டம் என்று அதற்கு எழுத்து வடிவமே இருந்தது. 1876 இல் ஆங்கில அரசு கொண்டுவந்த வாரிசுச் சட்டம் அதை ஓரங்கட்டியது. ஊர் வழக்கம் மட்டும் சீதன உறுதிகளில் உயிர் பிழைத்தது.

பிறகு 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு வெட்டிக் குளம் கட்டிக் குடியேற்றிய இடங்களிலெல்லாம் அதன் கீழ்தான் அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, பெயர் குறிக்காமல் இறந்தால் காணி யாருக்கு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொன்னது: முதலில் ஆண்மக்கள், அதன் பின்னர் பெண்மக்கள். கொழும்பில் யாரோ எழுதிய ஒரு வரிசை. உறுதிக்காணியில் மகள் உரிமைக்காரி. வாய்க்காலைக் கடந்தால், அரச காணியில் அதே மகள் இரண்டாம் இடத்தில். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பெண்கள் இப்படி இரண்டு நாடுகளில் வாழ்ந்தார்கள்.

அந்த அட்டவணையை வைத்து நானே எத்தனையோ பெண்களிடம், "சட்டப்படி உங்கள் தம்பிக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி, "எங்கள் வளவில் அம்மாவின் அம்மா காலத்திலிருந்து பெண்தானே உரிமைக்காரி, இது யாருடைய சட்டம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய கோப்பின் நிறம்கூட இன்றும் நினைவிருக்கிறது.

என் தாயார், தகப்பனார் இறந்த அடுத்த வருடம் கூட்டத்துக்குப் போனார். அவருக்கு அப்போது 61 வயது. பெயர் வாசித்தபோது ஒரு மைத்துனர் வழமைபோல் கை தூக்கப் போனார். தாயார், "பூமிக்காரி நான் இருக்கிறேன்" என்று எழுந்து நின்று, தன் கையைத் தூக்கினார். எந்தச் சட்டமும் அதுவரை அவரைத் தடுக்கவில்லை, தடுத்தது வழக்கம். உங்கள் விடயத்தில் வழக்கம் உங்கள் பக்கம் நிற்க, தடுத்தது சட்டம். அதனால்தான் இரண்டையும் கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. 2022 இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆணுக்கு முதலிடம் என்ற வரிசையை நீக்கிவிட்டது. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் போராடிப் பெற்ற திருத்தம் அது. அதற்கும் மேலாக, உங்கள் தகப்பனார் உயிரோடு இருக்கிறார். பின்னுரித்தாளராக மகளைப் பெயர் குறிக்கும் உரிமை அவருக்குப் பழைய சட்டத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே கந்தோரில் யாரோ சொன்னதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி, தகப்பனாரின் அடையாள அட்டை, தாயாரின் மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குத் தகப்பனாரோடு போங்கள். பின்னுரித்தாளர் நியமனத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவரே தன் வாயால் சொல்லட்டும். முடியாது என்றால் கோபப்பட வேண்டாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் எழுதி அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். நான் அந்த மேசையில் இருந்தவள். எழுத்தில் வரும் கேள்விக்கு மேசை எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

தகப்பனாருக்கு 81 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற பொதுமக்கள் தினத்திலேயே, காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போங்கள்.